சுடுநீர்த் தொட்டிக்கு மேலே கசீபோ: குறியறிந்து பிழை நீக்கும் வழிமுறை

ஒன்ராறியோவின் தென்பகுதியில், பின்முற்றத்தில் ஹொட் ரப் எனப்படும் சுடுநீர்த் தொட்டியை வைத்து அதற்கு மேலே, தூண்களில் நிற்கும் திறந்த கூரையான கசீபோவைக் கட்டுபவர்களில் பெரும்பாலோர், அதனை வெயிலுக்கும் மழைக்குமான ஒரு பந்தலாக எண்ணியே திட்டமிடுகின்றனர். அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுப்போகிறது. இந்தக் கூரைக்கு மழையும் பனியும் மேலிருந்து வருவதுபோலவே, 38 முதல் 40 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்பட்ட நீரின் ஆவி கீழிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. போதாததற்குக் குளிர்காலந்தோறும் தூண்களைச் சுற்றியுள்ள நிலம் உறைந்து, பின் உருகுகிறது. பல ஆண்டுகளாக இத்தகைய கசீபோக்களைக் கட்டியும், பிறர் கட்டியவற்றைத் திருத்தியும் வந்ததில் நான் கண்டது, கூரையில் தெரியும் கோளாறுகளில் பலவற்றின் வேர் நிலத்திலோ நீராவியிலோ இருக்கிறது என்பதே. ஆகையால், குறி தெரியும் இடத்திலேயே பூசவும் அடைக்கவும் தொடங்காமல், அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் சோதித்தறியும் முறையில் இக்குறிப்புகளை எழுதியுள்ளேன். இன்னும் கட்டத் தொடங்காதவர்கள் ஒவ்வொரு குறியையும் தங்கள் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கீழே வரும் கணக்குகள் யாவும், பக்கத்துக்கு 2.1 மீற்றர் கொண்ட, ஏறத்தாழ 1,400 லீற்றர் நீர் கொள்ளும், 90 சென்ரிமீற்றர் உயரமான ஒரு தொட்டியையும், அதன்மேல் பக்கத்துக்கு 3.6 மீற்றர் கொண்ட, அதாவது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிக் கூரையையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. உங்களுடைய அளவு வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

குறி: உலோகத் தூணையோ நீரையோ தொடும்போது கை கூசுகிறது, அல்லது பிறேக்கர் அடிக்கடி விழுகிறது

இவற்றுள் முதலாவதைச் சோதித்துப் பார்க்க முயலவே கூடாது. மிக மெல்லிய கூச்சமாக இருந்தாலும் எல்லோரும் உடனே தொட்டியை விட்டு வெளியேற வேண்டும். பின்னர், தொட்டியருகே உள்ள ஆளியைத் தேடிப் போகாமல், வீட்டுக்குள் இருக்கும் பிரதான மின்பலகையில் அந்தச் சுற்றை நிறுத்தி, உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரர் வந்து பார்க்கும்வரை அதை மீண்டும் போடாமல் விட்டுவிட வேண்டும். அலுமினியக் கசீபோவைத் தொட்டிக்கு நெருக்கமாக நிறுத்தியிருப்பவர்கள், அதன் உலோகச் சட்டம் தொட்டியின் நிலத்தொடுப்போடு செப்புக் கம்பியால் பிணைக்கப்பட வேண்டுமா என்று அவரிடம் தவறாமல் கேட்க வேண்டும். தொட்டியைப் பொருத்தியபோது கசீபோ அங்கே இருந்திராது. அதனால் இந்தக் கேள்வி எவருக்கும் எழாமலே போயிருக்கும்.

பிறேக்கர் விழுவது வேறு விடயம். சுடுநீர்த் தொட்டிக்குரிய கசிவுகாப்புப் பிறேக்கர், ஏறத்தாழ ஐந்து மில்லியம்பியர் மின்சாரம் வழிதவறிப் போனாலே சுற்றைத் துண்டித்துவிடும்படி செய்யப்பட்டது. அது விழுகிறதென்றால் தன் வேலையைச் செய்கிறது. கசீபோ கட்டிய பிறகுதான் விழத் தொடங்கியது என்றால், கூரையின் அடியில் பூட்டிய விளக்குகளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அவ்விளக்குகள் தொட்டியின் சுற்றிலிருந்தே இணைக்கப்பட்டு, ஈரமான இடத்துக்கென ஏற்கப்படாதவையாகவும் இருந்தால், குளிர்ந்த இரவுகளில் நீராவி அவற்றின் உள்ளே ஒடுங்கித் துளியாகிவிடும். விளக்குகளைத் தனிச் சுற்றுக்கு மாற்றச் செய்து, அதற்கும் கசிவுகாப்பு இட்டு, ஈர இடத்துக்கான விளக்குகளை மட்டும் பூட்டச் செய்ய வேண்டும். ஒன்ராறியோவில் இத்தகைய வேலைக்கு மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். தொட்டிக்குள் இருந்தபடி கையை நீட்டித் தொடக்கூடிய ஆளியோ மின்செருகியோ எந்தத் தூணிலும் இருக்கக்கூடாது.

குறி: மழையே பெய்யாத நாளில் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது

மற்ற எல்லாக் குறிகளையும்விட அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சொட்டுவதைக் கண்டவுடன் கூரை ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, மேலே ஏறி ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் பசை பூசுகிறார்கள். சொட்டு நிற்பதில்லை, அடுத்த குளிர்காலத்தில் இன்னும் கூடுகிறது, ஏனென்றால் காற்று வெளியேறிக்கொண்டிருந்த சிறு இடைவெளிகளும் அந்தப் பசையால் அடைபட்டுவிட்டன.

நடப்பது என்னவென்றால், 38 பாகையில் நிறைவுற்ற காற்றின் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 46 கிராம் நீரை ஆவியாகச் சுமக்கிறது. அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராமை மட்டுமே சுமக்கும். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகைக்குக் குளிர்ந்தால் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான். தை மாத இரவொன்றில் மூடியைத் திறந்து அரைமணி நேரம் அமர்ந்திருக்கும்போது மேலே எழும் ஆவி, குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டவுடன் தன் சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. கடுங்குளிரானால் அது சொட்டாமல் உறைபனியாகப் படிந்து, பல இரவுகள் சேர்ந்து தடிக்கும். பிறகு ஒரு வெயில் நாளில் தகரம் சூடாகும்போது, வானம் தெளிந்திருக்கக் கசீபோவுக்குள் மட்டும் மழை பெய்யும். அதைக் கண்டு மிரண்டுபோய் என்னை அழைத்தவர்கள் பலர்.

ஒழுக்கா ஒடுக்கமா என்று பிரித்தறியும் சோதனை எளியது. தொட்டியின் மூடியைப் பூட்டி இரண்டு நாட்கள் திறக்காமல் விடுங்கள். சொட்டு நின்றால் அது நீராவி ஒடுக்கமே. நிற்காவிட்டால், உறைநிலைக்கு மேற்பட்ட ஒரு நாளில் தோட்டக் குழாயை எடுத்து, கூரையின் கீழ்விளிம்பிலிருந்து தொடங்கிப் பகுதி பகுதியாகப் பத்து நிமிடம் நனைத்துக்கொண்டு முகட்டை நோக்கிச் செல்லுங்கள். இன்னொருவர் உள்ளே நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து நனைக்கத் தொடங்கினால் நீர் கீழே ஓடி எங்கோ நுழையும். நுழைவாயில் எது என்பது தெரியாது. மூடியைப் பூட்டிய பின்னும் மூடியின் விளிம்பைச் சுற்றி ஆவி எழுவதைக் கண்டால், மூடியின் உட்பஞ்சு நீரை உறிஞ்சிக் கனத்து வளைந்திருக்கிறது என்று பொருள். முன்பு ஒரு கையால் தூக்கிய மூடிக்கு இப்போது இரண்டு பேர் தேவைப்படுகிறார்களா என்பதே அதற்கான அளவுகோல். அப்படியானால் கூரையில் கைவைக்கும் முன் மூடியை மாற்றுங்கள்.

ஒடுக்கம் என்று உறுதியானபின் செய்ய வேண்டியது, ஆவிக்கு வழிவிடுவது. முகட்டின் நெடுகிலும் காற்றுத் திறப்பு, அல்லது நான்கு சாய்வுக் கூரையானால் உச்சியில் பக்கத்திறப்புள்ள ஒரு சிறு குவிமாடம் வேண்டும். கீழே, உத்தரத்துக்கும் கூரைக்கும் இடையே குளிர்காற்று நுழைய இடம் விடப்பட்டிருக்க வேண்டும். மேலே திறந்து கீழே அடைத்தால் காற்று நகராது. காற்றுத் தடுப்புக்கென மூன்று பக்கமும் பொலிகாபனேற் தட்டுகளை உத்தரம்வரை முட்ட அடித்திருப்பவர்கள், மேற்பக்கம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் வெட்டி எடுத்துவிடலாம். அமர்ந்திருப்பவரின் முகத்தில் காற்றடிப்பதைத் தடுக்கக் கீழ்ப்பகுதியே போதும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு என் தெளிவான பரிந்துரை, தகரத்தைக் கைமரங்களின்மேல் நேரடியாக இடாமல், இடையே மரப்பலகை அடித்து அதன்மேல் நீர்காப்பு விரிப்பும் தகரமும் இடுவது. மரம் சற்று ஈரத்தை ஏற்றுக்கொண்டு மெல்ல உலரவிடும். வெறுந்தகரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. அடிப்பக்கப் பலகைக்குப் படலம்போன்ற கனத்த வார்னிஷ் பூசாமல், மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சையே பயன்படுத்த வேண்டும். படலத்துக்கு உள்ளே ஈரம் சிக்கினால் அது உரிந்து, கீழே பூஞ்சணம் பிடிக்கும். கூரையின் சாய்வைக் கூட்டுவதும் உதவும்: தட்டையான கூரையில் துளி பிடித்த இடத்திலேயே தலைமேல் விழும், செங்குத்தான கூரையில் அது அடிப்பக்கமாக வழிந்து ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்கு வாய்ப்புண்டு.

குறி: பங்குனியில் ஒரு தூண் உயர்ந்து கூரை கோணலாகிறது, கோடையில் ஓரளவு திரும்புகிறது

நிலம் தூக்குகிறது. மண்ணிலுள்ள நீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு விரிகிறது என்பது இதன் ஒரு பகுதிதான். வண்டலும் களியும் கலந்த மண், உறையும் மட்டத்தை நோக்கிக் கீழிருந்து நீரை மேலும் மேலும் இழுத்துப் பனிக்கட்டி அடுக்குகளாகச் சேர்த்துக்கொள்கிறது; தூக்கும் விசையில் பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. ரொறன்ரோப் பகுதியில் அத்திவாரம் 1.2 மீற்றர், அதாவது நான்கு அடி ஆழத்துக்குப் போக வேண்டும் என்பது இதனால்தான். இரண்டடி தோண்டியபின் கல் குறுக்கிட்டது, போதும் என்று விட்டவர்களின் தூண்தான் ஒவ்வொரு பங்குனியிலும் எழும்.

உறுதிப்படுத்த, கார்த்திகை மாதத்தில், நிலம் உறையுமுன், வீட்டின் அத்திவாரச் சுவரில் ஒரு கோட்டை நிலைக்குறியாக வைத்து, நீர்மட்டக் குழாயாலோ லேசர் மட்டத்தாலோ அதே மட்டத்தை நான்கு தூண்களிலும் பென்சிலால் குறியுங்கள். பங்குனி நடுப்பகுதியில் மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு தூண் மட்டும் உயர்ந்திருந்தால் அதன் அத்திவாரம் ஆழம் குறைந்தது, அல்லது அதன் அருகே கூரையின் பீலி நீரைக் கொட்டுகிறது. பீலியின் வாயை 1.8 மீற்றர் தள்ளி விடுவது ஒரு நாள் வேலை. பல சமயங்களில் அதுவே பாதி நோயைத் தீர்த்துவிடும். நான்கும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் அவை தொட்டியின் கொங்கிறீட் தளத்தின்மேல் நிற்கின்றன. தளம் முழுவதும் மிதக்கிறது, கூரைக்குக் கேடில்லை.

உண்மையான தொல்லை, இரண்டையும் கலப்பதில் இருக்கிறது. இரண்டு தூண்கள் தொட்டியின் கொங்கிறீட் தளத்திலும் மற்ற இரண்டு ஆழ்ந்த அத்திவாரத்திலும் நின்றால், ஒரு பக்கம் ஏறி இறங்க மறுபக்கம் அசையாது. உத்தரத்தின் மூட்டுகள் இரண்டே ஆண்டுகளில் பிளந்துவிடும். நான்கும் தளத்தில், அல்லது நான்கும் ஆழத்தில் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். தளத்தில் நிறுத்துவதென்றால், 10 முதல் 15 சென்ரிமீற்றர் தடிப்புக்கு இறுக்கிய சரளைப் படுக்கையின்மேல் குறைந்தது 10 சென்ரிமீற்றர் கொங்கிறீட்டைக் கம்பியோடு வார்த்து, தூண் வரும் ஓரங்களில் தடிப்பைக் கூட்ட வேண்டும்.

அத்திவாரம் சரியான ஆழத்தில் இருந்தும் தூண் உயர்ந்தால், குழியில் குழாய் அச்சு இல்லாமல் நேரடியாகக் கொங்கிறீட் ஊற்றியிருப்பார்கள். அதன் கரடுமுரடான பக்கத்தை உறையும் மண் பற்றிக்கொண்டு மேலே இழுக்கும். வழவழப்பான அட்டைக் குழாயும், அடியில் மணிபோல் விரிந்த பாதமும் வேண்டும். இப்படி எழும் தூணின் கீழ் ஆண்டுதோறும் தகடு செருகுவதும் எடுப்பதுமாகக் காலங்கழிக்காமல், கூரையைத் தற்காலிகத் தாங்கிகளில் ஏற்றிவிட்டு அந்த ஒரு அத்திவாரத்தைப் புதிதாக இடுவதே மலிவு. தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவித்து, எரிவாயு, மின், தொலைபேசிக் கோடுகளைக் குறிக்கச் செய்ய வேண்டும். இது கட்டணமற்றது, சட்டப்படி கட்டாயமானது, ஒரு தூணுக்கான குழிக்கும் பொருந்துவது.

குறி: பலகைத் தளம் நடுவில் தாழ்ந்து, தூண்கள் உள்நோக்கிச் சாய்கின்றன

தொட்டியின் எடையை எவரும் கணக்கிட்டிருக்கவில்லை. 1,400 லீற்றர் நீர் 1,400 கிலோ. தொட்டியின் சொந்த எடை 350 கிலோ என்று கொள்ளுங்கள். ஐந்து பேர் இறங்கினால் இன்னும் 375 கிலோ. மொத்தம் இரண்டு தொன்னுக்கு மேல். அது 4.4 சதுர மீற்றர் பரப்பில் இறங்குவதால், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 480 கிலோ வருகிறது. வழக்கமான வீட்டுப் பலகைத் தளம் 1.9 கிலோபாஸ்கலுக்கு, அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 190 கிலோவுக்கே கணக்கிடப்படுகிறது. இரண்டரை மடங்குச் சுமையைத் தாங்கும் தளத்தின் ஓரத்தில் கசீபோவின் தூண்களையும் நிறுத்தினால், அவை தளத்தோடு சேர்ந்து சாய்வது இயல்பு. தொட்டியை வடித்துவிட்டுப் பொறியியலாளர் ஒருவரை அழைத்துத் தளத்தின் கீழே சுமைதாங்கிகளை அமைக்க வேண்டும். அதுவரை தொட்டியில் இறங்கக்கூடாது. கூரையை நிமிர்த்தும் வேலையெல்லாம் அதற்குப் பிந்தியது.

குறி: தூணைக் கையால் தள்ளினால் முழுக் கூரையும் ஆடுகிறது

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். ஒருவர் தோள் உயரத்தில் தூணை மெல்லத் தள்ளித் தள்ளி விட, மற்றவர் தூணின் அடியிலும் தலையிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் அசைந்தால் பாதத்தகட்டின் போல்ற் தளர்ந்தது, அல்லது தூண் உக்கத் தொடங்கியது. அடி உறுதியாக இருந்து தலையில் அசைந்தால் சாய்தாங்கிகள் இல்லை, அல்லது இருந்தும் போதவில்லை. நான்கு தூண்களின் உட்புற மூலைகளுக்கு இடையே குறுக்காக இரண்டு அளவுகளை எடுங்கள். அவற்றுக்கிடையே ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபாடிருந்தால் சட்டம் ஏற்கனவே கோணிவிட்டது.

தூணும் உத்தரமும் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும், இரு திசைகளிலும், 45 பாகையில் சாய்தாங்கி வேண்டும். அது தூணின் தலையிலிருந்து 60 முதல் 75 சென்ரிமீற்றர் கீழே தொடங்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் நீளத்தில் அழகுக்கு வைத்த தாங்கி எதையும் தடுக்காது. திருகாணியால் முடுக்குவதைவிட, ஊடுருவிச் செல்லும் 12 மில்லிமீற்றர் போல்ற்றும் அகலமான வளையமும் இடுவது நல்லது. ஈரமாக வாங்கிய மரம் உலர உலரக் குறுக்குவாட்டில் சுருங்கும், திருகாணியின் பிடி தளரும். போல்ற்றை அடுத்த கோடையில் ஒருமுறை இறுக்கினால் போதும். தாங்கிகளை முடுக்குமுன் குறுக்களவுகள் சமமாகும்வரை கயிற்றுச் சுருக்கியால் சட்டத்தை இழுத்து நிறுத்த வேண்டும்; கோணலோடு தாங்கி பூட்டினால் கோணல் நிலைத்துவிடும்.

காற்று பக்கவாட்டில் மட்டும் தள்ளுவதில்லை, மேலேயும் தூக்குகிறது. 2022 மே 21 அன்று தென் ஒன்ராறியோவைக் கடந்த புயற்காற்று, ரொறன்ரோ விமான நிலையத்திலேயே மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 70 கிலோ. இலேசான மரக்கூரையின் சொந்த எடையோ அதன் பாதியைக்கூட எட்டாது. 13 சதுர மீற்றர் கூரையை நிலத்தில் பிடித்து வைத்திருப்பவை கீழே உள்ள கொங்கிறீட்டும் இணைப்புகளுமே. 25 சென்ரிமீற்றர் விட்டமும் 1.2 மீற்றர் ஆழமும் கொண்ட ஒரு கொங்கிறீட் தூண் 140 கிலோ. நான்கும் சேர்ந்து 560 கிலோ. விரிந்த பாதத்தின்மேல் அமரும் மண்ணின் எடையும் சேரும்போதுதான் மனம் ஆறுகிறது. கைமரத்துக்கும் உத்தரத்துக்கும் இடையே வெறும் ஆணி மட்டும் இருந்தால், அங்கே உலோகக் கட்டுப்பட்டிகளை இன்றே இடுங்கள். பலகைத் தளத்தின் மேற்பலகையில் மட்டும் திருகாணியால் பூட்டிய அலுமினியக் கசீபோ, பெருங்காற்றில் பலகையோடு சேர்ந்து போய்விடும். அதன் பாதம் கீழேயுள்ள தீராந்திவரை ஊடுருவிப் பிடிக்க வேண்டும்.

குறி: பனிக்காலத்தில் கைமரங்கள் தொய்கின்றன

இங்கே கூரைகளுக்கான குறைந்தபட்சப் பனிச்சுமைக் கணக்கு ஒரு கிலோபாஸ்கல், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 100 கிலோ. நம் அளவுக் கூரைக்கு 1,300 கிலோ. ஜோர்ஜியன் குடாவை ஒட்டிய பகுதிகளில் இதைவிடக் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். புதிதாக விழுந்த உலர்பனி முப்பது சென்ரிமீற்றர் நின்றாலும் அஞ்சத் தேவையில்லை. அதன்மேல் மழை பெய்து ஊறினால் அதே உயரம் மூன்று நான்கு மடங்கு கனக்கும். ஆகையால் கூரையில் நிற்கும் பனியின் உயரத்தைப் பார்க்காமல் அதன் ஈரத்தைப் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் தொய்ந்தால், அது வீட்டை நோக்கிய பக்கமா என்று கவனியுங்கள். உயர்ந்த வீட்டுக் கூரையிலிருந்து காற்று அள்ளிவரும் பனி, தாழ்ந்த கசீபோவின் அந்தப் பக்கத்தில் குவியும். சில வேளைகளில் வீட்டுக் கூரையிலிருந்து முழுப்பாளமாகச் சரிந்தும் விழும். அந்தப் பக்கத்துக் கைமரங்களுக்கு இடையே புதிய கைமரங்களைச் சேர்ப்பதும், வீட்டுக் கூரையின் ஓரத்தில் பனித்தடுப்புகளைப் பூட்டுவதும் இதற்குத் தீர்வு. பனியை நிலத்தில் நின்றபடி நீண்ட கைப்பிடி வாரியால், இரு பக்கமும் மாறி மாறி, சமமாக இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக வெறுமையாக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால், கோணிய சுமை கூரையைப் புரட்டப் பார்க்கும். மேலே ஏறவே வேண்டாம்.

குறி: தூணின் அடி கறுத்து, கத்தி முனை எளிதில் இறங்குகிறது

மரத்தின் வெட்டுமுனை நீரை உறிஞ்சுகிறது. தொட்டியிலிருந்து ஏறி இறங்குபவர்கள் சிந்தும் நீரும், கூரைச் சொட்டும் தூணடியில்தான் தேங்கும். கத்தி ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைவாக இறங்கினால் தூணைத் தாங்கிக்கொண்டு அடியை அறுத்து, 25 மில்லிமீற்றர் உயர்த்திப் பிடிக்கும் உலோகப் பாதத்தில் அமர்த்தலாம். அறுத்த முனைக்குச் செப்புக் கலந்த காப்புத் திரவத்தை ஊறும்வரை பூசுங்கள். தொழிற்சாலையில் காப்பேற்றிய மரத்தின் நடுவயிறுவரை அந்தக் காப்பு போயிருக்காது. அதைவிட ஆழமாக இறங்கினால் தூணையே மாற்ற வேண்டும். தூணைக் கொங்கிறீட்டுக்குள் புதைத்திருப்பவர்கள் இந்தக் குறி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். கொங்கிறீட்டின் மேல்விளிம்பில்தான் உக்கல் தொடங்கும், வெளியே தெரியும்போது உள்ளே முடிந்திருக்கும்.

குறி: மரத்தில் கறுப்புக் கோடுகள், ஆணித்தலைகளில் கறள்

கறுப்பு இரண்டு வகை. வீட்டு வெளுப்புத் திரவத்தில் ஒரு துளியை அதன்மேல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் அது பூஞ்சணம். ஆவிக்கு வழிவிடுவது பற்றி மேலே எழுதியதை மீண்டும் பாருங்கள். வெளுக்காமல், கோடு ஒவ்வொன்றும் ஒரு ஆணியிலிருந்து தொடங்கினால், சீடார் மரத்தின் துவர்ப்பொருள் இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய கறை அது. ஒக்சாலிக் அமிலக் கரைசல் அதை நீக்கும். கையுறையும் கண்காப்பும் அணிந்து, தொட்டியை மூடிவைத்துச் செய்ய வேண்டும். வெளுப்புத் திரவம் பட்ட இடத்தை நன்றாகக் கழுவி உலரவிட்ட பின்னரே அமிலத்தை எடுக்க வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சான குளோரீன் வாயு வெளிவரும்.

கறளின் காரணம் ஆணியின் தரம். 2003 முடிவோடு வீட்டுப் பயன்பாட்டிலிருந்து ஆசனிக் கலந்த மரக்காப்பு விலக்கப்பட்டபின் வந்த செப்புக் காப்புகள், மெல்லிய நாகப்பூச்சு உள்ள ஆணிகளை வேகமாக அரிக்கின்றன. அதோடு இங்கே குளோரீனோ புரோமினோ கலந்த ஆவியும் சேர்கிறது. உருகிய நாகத்தில் தோய்த்த ஆணிகள் குறைந்தபட்சத் தேவை. தொட்டிக்கு நேர்மேலே 316 வகைத் துருவேறா உருக்கையே நான் பயன்படுத்துகிறேன். அலுமினியத் தூணின் பாதம் செப்புக் காப்பு மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இடையே இரப்பர்த் தகடு வையுங்கள்.

குறி: நகரசபையிலிருந்து கடிதம் வருகிறது

ஒன்ராறியோவில் தனித்து நிற்கும் துணைக்கட்டடம் 10 சதுர மீற்றருக்கு உட்பட்டால் பொதுவாகக் கட்டட அனுமதி தேவையில்லை. பத்துக்குப் பத்து அடி 9.3 சதுர மீற்றர். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி 13.4 சதுர மீற்றர், அதற்கு அனுமதி வேண்டும். 15 சதுர மீற்றர் வரை விலக்கு என்று பலர் சொல்வது சாமான் வைக்கும் கொட்டகைக்குரியது, கசீபோவுக்குப் பொருந்தாது. அனுமதி தேவைப்படாத கசீபோவும் எல்லைவேலியிலிருந்து விட வேண்டிய தூரத்துக்குக் கட்டுப்பட்டது. தொட்டியைச் சுற்றி வேலி வேண்டுமா, பூட்டும் மூடி போதுமா என்பது நகரத்துக்கு நகரம் மாறும். நகரசபையில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

குறி: மூடி தூணில் முட்டுகிறது, திருத்த வந்தவர் பக்கத்தட்டைக் கழற்ற முடியாமல் திரும்பிப் போகிறார்

கட்டியபின் திருத்த மிகக் கடினமானது இதுவே. திட்டமிடும்போது ஒரு தாளில் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுவதும் இதுவே. மூடித்தூக்கி, மடிந்த மூடியைத் தொட்டியின் பின்புறத்தில் நிறுத்துவதற்கு 45 முதல் 60 சென்ரிமீற்றர் இடம் கேட்கும். 90 சென்ரிமீற்றர் தொட்டியின்மேல் 1.05 மீற்றர் பாதிமூடி நிமிரும்போது அதன் நுனி இரண்டு மீற்றர் உயரத்தைத் தொடும். 40 சென்ரிமீற்றர் படியில் ஏறி நிற்கும் 1.8 மீற்றர் மனிதரின் தலை 2.2 மீற்றரில் இருக்கும். எனவே ஏறும் பக்கத்து உத்தரத்தின் அடி நிலத்திலிருந்து 2.4 மீற்றராவது இருக்கட்டும். பம்பும் சூடாக்கியும் உள்ள பக்கத்துக்கு 90 சென்ரிமீற்றரும், மற்றப் பக்கங்களுக்கு 60 சென்ரிமீற்றரும் விடுங்கள். எல்லாப் பக்கங்களிலும் குழாய்கள் ஓடுகின்றன, கசிவு எங்கே வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

ஏற்கனவே கட்டி முடித்தவர்கள் முதலில் மூடித்தூக்கியின் வகையை மாற்றிப் பார்க்கலாம். பக்கவாட்டில் மடித்துத் தாழ இறக்கும் வகைகள் குறைந்த இடத்தில் அடங்கும். அதுவும் இயலாவிட்டால், தொட்டியை வடித்து, நான்கு பேர் சேர்ந்து பலகையின்மேல் நகர்த்தி, இடம் தேவைப்படும் பக்கத்துக்கு விட்டுக்கொடுக்கலாம். நகர்த்தும் முன் மின்சுற்றை நிறுத்தி, உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரரைக் கொண்டு இணைப்பைக் கழற்றுவியுங்கள். புதிய இடத்துக்கு மின்குழாயின் நீளம் போதுமா என்பதையும் அவரே பார்க்கட்டும். தொட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டிய நாளும் வரும். அது பக்கவாட்டில் நிமிர்த்தி, தள்ளுவண்டியில் ஏறியே உள்ளே வரும். வண்டியோடு உயரம் 2.3 மீற்றர். ஆகையால் ஒரு பக்கத்துத் தடுப்புத் தட்டுகளை ஆணியால் அடிக்காமல், கழற்றக்கூடிய போல்ற்றுகளில் நிறுத்தி, அந்தப் பக்கத்துச் சாய்தாங்கிகளின் கீழ்முனை வழியை மறிக்காதபடி முன்னரே அளந்து வையுங்கள்.